இடப்பக்கம் காசிநாதன்

பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு முப்பத்தாறு மார்க் வாங்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் பாக்யலட்சுமி. முப்பத்தெட்டு வயதில், ஆம்பூர் பஜாரில் ஒரு வளையல் கடையின் மாடியில், பேங்க் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு நடுவே மறுபடியும் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். அறிவுத்தாகம் என்று யாராவது நினைத்தால் அது அவர்களுடைய நல்ல மனசு. அவள் வந்தது ஒரு ஆளைக் கவிழ்ப்பதற்காக.

அங்கே பாடம் எடுத்த ரஃபத் ஜஹானுக்கு இருபத்தேழு வயதுதான் இருக்கும். மாணவியின் வயதைப் பார்த்ததும், வழி தவறி வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஸ்போக்கன் இங்கிலீஷ் வேணும்னா எதிர்த் தெருவுல சொல்லித் தர்றாங்கக்கா. இது வொகாபுலரி கிளாஸ். சினானிம், ஆன்டானிம்னு ஒரே கஷ்டமான வார்த்தைங்களா இருக்கும்."

"கஷ்டமானதுதான் வேணும்," என்று பாக்யலட்சுமி பைக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். "இதுல இருக்கிற வார்த்தைங்க எல்லாம் வேணும் டீச்சர். ஒவ்வொண்ணுக்கும் எதிர்ச்சொல்லும் வேணும்."

ரஃபத் ஜஹான் படித்தாள். பாதியில் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"இத யாருக்கா எழுதினது?"

"நான்தான்னு கீழ கையெழுத்து இருக்குதே," என்றாள் பாக்யலட்சுமி.

அந்தக் கையெழுத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஊருக்கு வெளியே பைபாஸ் ஓரத்தில் இருக்கிற ஷூ கம்பெனி ஒன்றில் அவள் செக்கராக இருந்தாள். பெட்டிக்குள் போவதற்கு முன் ஷூவைக் கடைசியாகத் தொடுகிற கை அவளுடையது. இடது ஷூவையும் வலது ஷூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தோலின் நிறம் ஒரு மயிரிழை மாறியிருந்தாலும் ஜோடியைப் பிரித்துத் தூக்கிப் போட்டுவிடுவாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் சேர்த்த ஜோடி ஒன்றுகூட வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்ததில்லை. செக்கர்களுக்கு மட்டும் நீல நிறத்தில் கோட் கொடுப்பார்கள். அந்தக் கோட்டை அவள் வீட்டுக்கு எடுத்துப்போய் இஸ்திரி போட்டுக்கொண்டு வருவாள்.

ப்ரொடக்ஷன் மேனேஜர் காசிநாதன். மரியாதை வேண்டுமென்பவர்கள் 'ர்' சேர்த்துக்கொள்ளட்டும்; எனக்கு வரவில்லை. அவளைப் போலவே அவனுக்கும் கலவை என்கிற ஊர்ப் பக்கம்தான் பூர்வீகம். "நம்ம ஊர்ப் பொண்ணு" என்று ஆரம்பித்து, "தங்கச்சி" என்று கூப்பிட்டு, அவளுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை என்று தெரிந்ததும் அவள் மகளின் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் இடத்தில் நின்று வரிசைத் தட்டும் வைத்தான். தட்டில் பட்டுப்பாவாடை, பழம், வளையல். அன்றைக்குப் பாக்யலட்சுமி அழுதாள். அண்ணன் இல்லாத குறை தீர்ந்தது என்று ஊரெல்லாம் சொன்னாள். நம்ப வைத்துக் கழுத்தறுக்கிறவன் முதலில் நம்பத்தானே வைப்பான்?

ஒரு வருஷம் நவம்பரில் ஒன்பது நாள் விடாமல் மழை. பாலாற்றிலேயே தண்ணீர் ஓடியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தோல் என்பது மழைக்காலத்து அப்பளம் மாதிரி, காற்றிலிருக்கிற ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். ஈரம் பார்க்கிற மீட்டரை ஷூவின் மேல் வைத்துப் பார்த்தாள். இருபத்திரண்டு காட்டியது. பதினெட்டைத் தாண்டினால் பெட்டியில் கட்டக்கூடாது என்பது சட்டம். லைன் ரெஜிஸ்டரில் நாற்பத்தேழாம் பக்கத்தில், தேதி போட்டு, தமிழில் எழுதினாள்: 'ஈரம் ஜாஸ்தி. 22 காட்டுது. கட்ட வேணாம்.'

காசிநாதன் ஓடி வந்தான். "கன்டெய்னர் கேட்டுல நிக்குது தங்கச்சி. கட்டச் சொல்லு, நான் பாத்துக்கறேன்."

"வேணாம்ணா. பூசணம் பூத்துடும்."

"நான் மேனேஜரா, நீ மேனேஜரா?"

கட்டினார்கள். ஐந்து வாரம் கழித்து, கப்பலில் போய்ச் சேர்ந்த நாட்டில் பெட்டியைத் திறந்தபோது கறுப்பு ஷூக்களெல்லாம் வெள்ளையாக இருந்தனவாம். ஷூவை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து, அதாவது பையரிடமிருந்து, யார் பொறுப்பு என்று கேட்டுக் கடிதம் வந்தது. காசிநாதன் ஒரு காகிதத்தோடு அவள் டேபிளுக்கு வந்தான். "சும்மா ஃபார்மாலிட்டி. மீட்டர் ரிப்பேர்னு எழுதியிருக்கேன். செக்கர் கையெழுத்து இல்லன்னா ஒத்துக்க மாட்டானாம். இங்க போடு." முழுக்க ஆங்கிலம். வரிசைத் தட்டு வைத்த கை நீட்டிய காகிதத்தைப் படித்துக் காட்டு என்று கேட்க யாருக்கு மனசு வரும்? 'சி. பாக்யலட்சுமி' என்று தமிழில் போட்டாள்.

மறுவாரம் நீலக் கோட்டை வாங்கிக்கொண்டார்கள். பசை தடவுகிற செக்ஷனுக்கு அனுப்பினார்கள். "பையர் ஒரே பேஜார் பண்றான். நான் இன்னா பண்ண? கொஞ்ச நாள் பொறு," என்றான் அண்ணன். பொறுத்தாள். லைனில் இருந்தவர்கள் அவளுக்குப் 'பூசணம்' என்று பேர் வைத்தார்கள். பூசணம் வருது, பூசணம் சாப்டுதா, பூசணம் லீவா. அதையும் பொறுத்தாள். நாலு மாசம் ஆனதும், வேறு இடம் பார்க்கலாம் என்று பேரணாம்பட்டில் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூவுக்குப் போனாள்.

இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. புது ஆள் வந்தால் பழைய கம்பெனிக்கு ஒரு போன் போடுவார்கள். போட்டார்கள். பத்து நிமிஷத்தில் அவள் கையெழுத்துப் போட்ட காகிதம் வாட்ஸ்அப்பில் வந்து நின்றது. அங்கே எச்.ஆரில் இருந்த பெண் அதைப் படித்துவிட்டு, "இன்னாக்கா, 'நான் எப்பவுமே அலட்சியமானவ. மேனேஜர் எச்சரிச்சும் கேக்காம வேணும்னே மீறினேன். குத்தம் முழுக்க என்னுது'ன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. இத வெச்சுக்கிட்டு எவன் வேலை குடுப்பான்?" என்று நிஜமான வருத்தத்தோடு கேட்டாள்.

பாக்யலட்சுமி அந்தப் பெண்ணிடமே ஒரு பிரின்ட் எடுத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். அழுகை வரவில்லை. எச்சரித்தது யார்? மீறியது யார்? அவள் செய்ததையெல்லாம் அவன் செய்ததாகவும் அவன் செய்ததையெல்லாம் அவள் செய்ததாகவும், சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்ட மாதிரி எழுதியிருந்தான். பன்னிரண்டு வருஷம் சம்பாதித்த பேர், அவளுக்குப் புரியாத பாஷையில், அவள் கையெழுத்தோடு செத்துக் கிடந்தது.

ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அவள் புருஷன் சம்பத் நல்ல மனுஷன். "விடு பாக்யா. பொறுத்தார் பூமி ஆள்வார்," என்றான்.

"பூமிய அவனே ஆளட்டும். எனக்கு அவன் வேணும்," என்றாள்.

கம்பெனி வாசலில் நின்று தமிழில் கத்தலாம். கத்தினால் காம்பவுண்டு சுவரோடு நின்றுவிடும். அந்தக் காகிதம் போன தூரத்துக்குத் தமிழ் போகாது. அது போன பாஷையிலேயே போய்த்தான் அதைத் திருப்பிக் கூட்டிவர வேண்டும். அதற்காகத்தான் வளையல் கடை மாடி.

வாரத்தில் ஐந்து நாள், வேலை விட்டு வேனில் இறங்கி நேரே கிளாஸ். ஒரு நீளமான நோட்டு வாங்கி, ஒவ்வொரு விரிப்பிலும் இடப்பக்கத்தின் தலையில் 'காசிநாதன்' என்றும் வலப்பக்கத்தின் தலையில் 'நான்' என்றும் எழுதிக்கொண்டாள். அவன் அவளைச் சொன்ன வார்த்தையெல்லாம் இடப்பக்கம் அவனுக்கே போயிற்று. நெக்லிஜென்ட், கேர்லெஸ், ரிமிஸ், லாக்ஸ். வலப்பக்கம் அதற்கெல்லாம் ஜோடி: டிலிஜென்ட், விஜிலன்ட், மெட்டிகுலஸ். கொஞ்ச நாளில் கடிதத்து வார்த்தைகள் தீர்ந்துபோயின. இடப்பக்கம் நிற்கவில்லை. டிசீட்ஃபுல், ட்ரெச்சரஸ், டூப்ளிசிட்டஸ். சகோதரன் மாதிரி சிரித்துக்கொண்டு குழி தோண்டுகிறவனுக்கு இங்கிலீஷ்காரன் இத்தனை பேர் வைத்திருக்கிறானே, அவனுக்கும் எத்தனை காசிநாதன்கள் வாய்த்தார்களோ என்று ஆச்சரியப்பட்டாள்.

பேங்க் பரீட்சைப் பிள்ளைகளுக்கு ஒரே அர்த்தமுள்ள வார்த்தைகளெல்லாம் ஒன்றுதான். சரியான கட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும். பாக்யலட்சுமிக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே கறுப்பு என்று சொல்லி வருகிற தோலில் எத்தனை கறுப்பு இருக்கிறது என்று பார்த்த கண் அது. "டீச்சர், லாக்ஸுன்னா சும்மா மெத்தனம். நெக்லிஜென்ட்னா செய்ய வேண்டியத செய்யாம விட்டது. ரெண்டும் ஒரே பெட்டியில போவாதே?" என்று கேட்பாள். ரஃபத் ஜஹான் சில நாள், நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்பாள்.

பகலில் பசைப் பிரஷ்ஷை இழுக்க இழுக்க உதடு அசையாமல் வார்த்தை ஓடும். காசிநாதன் அந்தப் பக்கம் வந்தால், "வணக்கம்ணா" என்பாள். மனசுக்குள் டூப்ளிசிட்டஸ் என்பாள். அவனும் தலையாட்டிவிட்டுப் போவான்.

ஒருநாள் போர்டில் 'ரிவெஞ்ச்' வந்தது. சினானிம்களை எழுதி முடித்து, அதற்கு எதிராக 'ஃபர்கிவ்னெஸ்' என்று எழுதினாள் ரஃபத் ஜஹான். நோட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தவள் பாக்யலட்சுமியிடம் நின்றாள். வலப்பக்கம் காலியாக இருந்தது.

"மன்னிப்புக்கா. எழுதிக்குங்க. எக்ஸாம்ல வரும்."

"என் எக்ஸாம்ல வராது டீச்சர்," என்றாள் பாக்யலட்சுமி.

பதினோரு மாசம் போனது. அதற்குள் இவள் கம்பெனி எச்.ஆருக்குப் பூங்குழலி என்று ஒரு புதுப்பெண் வந்திருந்தாள். பையர் ஆள் வருகிறான் என்ற செய்தியை அவள்தான் லைன் லைனாக வந்து சொன்னாள்.

பையர் வருகிற நாள் என்றால் கம்பெனிக்குக் கல்யாணக் களை. காலையில் எல்லோருக்கும் புதுக் கையுறையும் மாஸ்க்கும் கொடுத்துச் சாயங்காலம் எண்ணித் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். எதைக் கேட்டாலும் சிரிக்க வேண்டும். பேச்சை மேனேஜர் பார்த்துக்கொள்வார். இது எழுதாத சட்டம். அத்தனை வருஷமும் தொழிலாளிகள் வாயில் காசிநாதனின் இங்கிலீஷ்தான் பேசியது.

வந்தவர் பேர் யோஹான். வெள்ளைத்தாடி வைத்த உயரமான மனுஷர். பூசணம் பூத்த விவகாரத்துக்குப் பிறகு என்ன மாற்றம் செய்தீர்கள் என்று பார்க்க வந்தவர், அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட தொழிலாளியிடம் நேரில் பேச வேண்டும் என்றார்.

காசிநாதன் பசை செக்ஷனுக்கு வந்தான். "தங்கச்சி, அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போ. நீ தமிழ்ல எதனா சொல்லு, நான் சொல்லிக்கறேன். மூஞ்ச மட்டும் கொஞ்சம் பாவமா வெச்சுக்கோ."

"சரிண்ணா," என்று பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டுப் பின்னால் போனாள். நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொண்டது. பயமில்லை, ஆசை.

சாம்பிள் ரூமில் யோஹான், காசிநாதன், குறிப்பெழுத லேப்டாப்போடு பூங்குழலி. அன்றைக்கு என்ன நடந்தது என்று யோஹான் கேட்டார். பாக்யலட்சுமி காசிநாதனைப் பார்த்தே தமிழில் சொன்னாள்: "நான் கட்ட வேணாம்னு சொன்னேன். நீங்கதான் கட்டச் சொன்னீங்க."

காசிநாதனின் சிரிப்பு ஒரு நொடி உறைந்தது. பிறகு யோஹானிடம் திரும்பி, அவள் பார்க்காமல் விட்டுவிட்டாளாம், ரொம்ப வருத்தப்படுகிறாளாம் என்றான்.

ஈரம் அளந்தாளா என்று கேட்டார். "அளந்தேன். எழுதியும் வெச்சேன்," என்றாள். அளக்க மறந்துவிட்டாளாம் என்றான். யாராவது எச்சரித்தார்களா என்று கேட்டார். "நான்தான் உங்கள எச்சரிச்சேன்," என்றாள். நான் பல தடவை எச்சரித்தேன் என்று அவளே ஒத்துக்கொள்கிறாள் என்றான். பூங்குழலிக்கு இரண்டு பாஷையும் தெரியும். அவள் லேப்டாப்பை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. வேலை வேண்டும் அல்லவா?

பாக்யலட்சுமி குறுக்கே பேசவே இல்லை. இன்னும் சொல்லட்டும், நன்றாக ஆழமாகத் தோண்டட்டும் என்று விட்டுவிட்டாள். நுணலும் தன் வாயால் கெடும். அதைக் கத்த விட வேண்டும், அவ்வளவுதான்.

யோஹானுக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. ஷூவைக் கட்டும்போது எப்படி இருந்தது என்று கேட்க வந்தவர் வார்த்தை கிடைக்காமல் நின்றார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துக் காட்டி, வெட் இல்லை, ட்ரையும் இல்லை, அதற்கு என்ன சொல்வார்கள் என்று காசிநாதனைப் பார்த்தார்.

"வெட் சார், வெட்," என்றான் காசிநாதன்.

"டேம்ப்," என்றாள் பாக்யலட்சுமி.

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். பூங்குழலியின் விரல்கள் கீபோர்டின் மேல் நின்றுவிட்டன.

"டேம்ப், சார். மாய்ஸ்ட் என்றால் நல்ல ஈரம், கேக்குக்குச் சொல்லலாம். இது கெட்ட ஈரம்," என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். வாக்கியம் அங்கங்கே நொண்டியது. வார்த்தைகள் நொண்டவில்லை. இருபத்திரண்டு காட்டியது, நானே அளந்தேன் என்றாள். மூன்று கேள்விக்கும் நான் சொன்னதற்கு நேர்மாறாக இவர் உங்களிடம் சொன்னார் என்றாள். நான் நெக்லிஜென்ட் இல்லை, விஜிலன்ட். இவர் என்னை எச்சரிக்கவில்லை, நான் இவரை எச்சரித்தேன். அந்தக் கடிதம் எழுதினதும் நான் இல்லை. அதில் என்ன இருந்தது என்றுகூட அன்றைக்கு எனக்குத் தெரியாது. நான் எழுதினது உங்கள் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருக்கிற ரெஜிஸ்டரில், நாற்பத்தேழாம் பக்கத்தில், தமிழில் இருக்கிறது.

அந்தப் பக்கத்தைக் காசிநாதன் கிழித்திருக்கலாம். ஆனால் நம்பர் போட்டுத் தைத்த ரெஜிஸ்டரில் பக்கம் காணாமல் போனால் ஆடிட்டில் கேள்வி வரும். தமிழில்தானே இருக்கிறது, எந்த வெள்ளைக்காரன் படிக்கப்போகிறான் என்று விட்டுவைத்தான். தமிழ் தெரிந்தவளுக்கு இங்கிலீஷ் வராது என்பதுதான் அவன் போட்ட கணக்கு.

யோஹான் எழுந்து அலமாரிப் பக்கம் திரும்பினார். காசிநாதன் அவள் பக்கம் சாய்ந்தான். முகத்தில் சிரிப்பு மாறாமல், ஏதோ விவரம் கேட்கிறவன் மாதிரி, தமிழில் கெஞ்சினான்.

"தங்கச்சி, மானத்த வாங்காத. ஆமா, நான்தான் எழுதினேன். எனக்கு அப்ப வேற வழி தெரியல. மீட்டர் ரிப்பேர்னு சொல்லிடு, மீதிய நான் பாத்துக்கறேன். இந்தாளு கிட்ட மட்டும் சொல்லாத. உம் பொண்ணுக்கு வரிசை வெச்ச கையி இது. மன்னிச்சுடும்மா."

யோஹான் ரெஜிஸ்டரோடு திரும்பினார். அவன் என்ன சொல்கிறான் என்று கேட்டார். காசிநாதன் வாயைத் திறந்தான். நீங்கள் இல்லை என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டு, பாக்யலட்சுமியைப் பார்த்தார்.

இந்த ஒரு நொடிக்காகத்தான் பதினோரு மாசமும் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அவன் செய்த மாதிரி இவளும் திரித்துச் சொல்லலாம். என்ன சொன்னாலும் இப்போது எடுபடும். அவள் அப்படிச் செய்யவில்லை. ஒரு சொல்லைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மானத்தை வாங்காதே என்கிறார். கடிதத்தைத் தானே எழுதியதாக ஒத்துக்கொள்கிறார், அப்போது வேறு வழி தெரியவில்லையாம். மீட்டர் பழுது என்று சொல்லச் சொல்கிறார், மீதியை அவர் பார்த்துக்கொள்வாராம். உங்களிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்கிறார். என் மகளின் சடங்கில் என் அண்ணனாக நின்றதை ஞாபகப்படுத்துகிறார். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, ஜோடி பார்த்து, நிதானமாக எடுத்து வைத்தாள். ஒவ்வொரு வரிக்கும் காசிநாதனின் முகம் வெளிறியது. அவ்வளவு இனிப்பான வேலையை அவள் வாழ்நாளில் செய்ததில்லை.

"கடைசியாக, மன்னிக்கச் சொல்கிறார்," என்று முடித்தாள். நோட்டில் எழுத மாட்டேன் என்று விட்ட வார்த்தை, கேட்டதும் தடங்கலில்லாமல் வந்தது.

யோஹான் பூங்குழலியைப் பார்த்தார். அவள் லேப்டாப்பை மூடிவிட்டு, "யெஸ் சார், அதுதான் சொன்னார்," என்றாள். பிறகு அவர் பாக்யலட்சுமியிடமே கேட்டார். மன்னிக்கிறீர்களா?

"நோ," என்றாள்.

அந்த வாரக் கடைசியில் காசிநாதனின் நாற்காலி காலியானது. ராணிப்பேட்டையில் எங்கோ வேலைக்கு முயற்சி செய்கிறான் என்று சொன்னார்கள். முயற்சி செய்யட்டும். அங்கிருந்தும் ஒரு போன் வரும் அல்லவா? லைனில் பூசணம் என்ற பட்டப்பேர் ஆள் மாறி அவனுக்குப் போயிற்று. வரிசைத் தட்டைப் புளி போட்டு விளக்கி, சம்பத்திடம் கொடுத்து, அவன் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வரச் சொன்னாள்.

பழைய கடிதத்தை ரத்து செய்கிற புதுக் கடிதத்தைப் பூங்குழலி சனிக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்தாள், நீலக் கோட்டோடு. "அக்கா, வாங்கிக்கிட்டதுக்கு இதுல ஒரு கையெழுத்து. சும்மா ஃபார்மாலிட்டி," என்று சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பாக்யலட்சுமி கடிதத்தை வாங்கிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெளியே கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. அவள் முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தாள். மறுபடி ஹாரன் அடித்தது. மூன்றாவது வரியில் விரல் நின்றது. முந்தைய கடிதம் ஒரு மிஸ்டேக் காரணமாக வழங்கப்பட்டது என்றிருந்தது.

"மிஸ்டேக் இல்ல. ஃபால்ஸ்ஹுட்னு மாத்துங்க."

"அர்த்தம் கிட்டத்தட்ட ஒண்ணுதானேக்கா. வேன் வேற நிக்குது, திங்கக்கிழமை வேணா..."

"மிஸ்டேக்னா தெரியாம பண்றது. ஃபால்ஸ்ஹுட்னா தெரிஞ்சு சொல்ற பொய். கிட்டத்தட்ட ஒண்ணுன்னா ஜோடி சேராதும்மா," என்றாள். "வேன் நிக்கட்டும்."

பூங்குழலி மறுபடியும் பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்தாள். பாக்யலட்சுமி அதையும் தலைப்பிலிருந்து கடைசி வரி வரைக்கும் இன்னொரு தடவை படித்தாள். பிறகு பேனாவை வாங்கி, 'சி. பாக்யலட்சுமி' என்று தமிழில் போட்டாள்.